கிழக்கிலங்கையில் எத்தனை மொரிஸ் மைனர் கார் மிச்சம்? வாங்குவதென்றால் எதை வாங்குவது?

வெற்றிலைக்கொடி:

இரண்டு பழைய கார் விலைக்கு வந்திருக்கு. இப்போதைக்கு இரண்டும் ஓடாது.

ஒன்று 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 'ஸ்ரீ' எழுத்து நம்பர், களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓலைக் கொட்டிலுக்குள்ளே நிற்குது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் என்ஜின் சுற்றும். மற்றது 1953 ஒஸ்டின் ஏ40 சொமர்செட். இங்கிலீஷ் எழுத்து நம்பர், வெல்லாவெளிப் பக்கம். சொந்த என்ஜின் இல்லை, டட்சன் என்ஜின் பூட்டியிருக்கு. கிறில், முன் பம்பர், ஒரு பின் லைட் காணாது. "இது அரிது" என்று சொல்லி மைனரைவிட இதற்குத்தான் கூடக் கேட்கிறார்.

அரிதென்றால் பெறுமதி கூடுமா? எத்தனை மிச்சம் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? போய்ப் பார்க்கும்போது எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்?

தேன்நாட்டான்:

தம்பி, கணக்கில் இருந்து தொடங்குவோம். மைனர் 1948 முதல் 1971 வரை, சலூன், வான், டிரவலர் என்கிற ஸ்டேஷன் வாகன் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 16 இலட்சம் செய்தார்கள். சொமர்செட் 1952 முதல் 1954 வரைதான், ஏறத்தாழ 1,73,000. செய்ததைப் பார்த்தால் சொமர்செட் பத்தில் ஒரு பங்கு. விற்கிறவர் சொல்கிற 'அரிது' இந்தக் கணக்குத்தான். ஆனால் எத்தனை தப்பியது என்பது வேறு கணக்கு, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது இன்னொரு கணக்கு.

தப்பிய கணக்கை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவேட்டில் தேடாதீங்க. அதில் ஒரு நம்பர் இருப்பது அந்தக் கார் ஒரு நாள் இந்த நாட்டில் ஓடியதற்கு மட்டும்தான் சாட்சி. கார் அழிந்தால் போய்ப் பதிவை வெட்டுகிற ஆட்கள் குறைவு. நம்ம பக்கத்தில் 1978 நவம்பர் 23 சூறாவளியில் கொட்டில் விழுந்து நசுங்கியது, யுத்தத்தில் எரிந்தது, 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போனது எல்லாம் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கும். மறுபக்கம், பதிவுப் புத்தகம் தொலைந்து நம்பர் தகடும் இல்லாமல் கோழி அடைக்கிற கூடாக நிற்கிற முழுக் காரும் இருக்கு.

வருடா வருடம் பிரதேச செயலகத்தில் எடுக்கிற வாகன வரிப்பத்திரத்தை வைத்து எண்ணினால் ஓடுகிற கார் மட்டும் வரும். கொட்டிலில் நிற்கிறது வராது. அதனால் ஊர் ஊராக மூன்று தலைப்பில் எண்ணுவதுதான் சரி: வரிப்பத்திரத்தோடு ஓடுவது, முழுசாக நிற்பது, பாகத்துக்கு மட்டும் உதவுவது. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிற எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

படுவான்கரை:

ஏன் தப்பியது என்பதையும் சொல்ல வேணும். 70களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் கார் வருவது அநேகமாக நின்றது. இருந்த இங்கிலீஷ் கார்களைத் தைத்துத் தைத்து ஓட்டினதால்தான் இவ்வளவு மிஞ்சினது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து ஜப்பான் கார் வரத் தொடங்க, பாகம் கிடைக்காத பழைய கார்கள் முதலில் செத்தது. மைனர் சாகவில்லை. 1952க்குப் பிறகு வந்த மைனரின் ஏ-சீரிஸ் என்ஜின்தான் ஒஸ்டின் ஏ30, ஏ35, மினி எல்லாத்துக்கும். ஒன்று செத்தால் மற்றதுக்கு உறுப்பு தானம். அதோட 90களில் தென்னிலங்கையில் மைனருக்கு தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். சொமர்செட்டுக்கு இந்த வாய்ப்பு ஒன்றும் இல்லை. அதன் 1200 சிசி என்ஜினுக்கு இங்கே பாகம் தருகிற உறவு வண்டி குறைவு, கிறிலுக்கும் பம்பருக்கும் ஆளே இல்லை.

எண்ணிக்கையில் அரிது என்பதும் பாகத்தில் அரிது என்பதும் ஒன்றில்லை. முதலாவது பெருமை, இரண்டாவது செலவு.

இன்னொன்று, கார் எந்தக் கரையில் நின்றது என்று கேளுங்க. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சோழகக் காற்றடிச்சாலும் வாடைக் காற்றடிச்சாலும் உப்பு ஈரம் தகட்டில் ஏறும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் உப்புக் குறைவு. ஆனால் வயல் சேறு செசிக்குள்ளே, அதாவது அடிச் சட்டத்துக்குள்ளே ஏறி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், எலி வயரைத் தின்னும். உப்புத் துரு எல்லா இடத்தையும் ஒரே சீராகத் தின்னும், சேற்றுத் துரு சேறு தங்கின மூலையை மட்டும் தின்னும். இரண்டாவதுக்கு வெட்டி ஒட்டலாம்.

கல்முனை ஸ்பேனர்:

மைனருக்குத் தனிச் செசி கிடையாது, உடம்புதான் செசி. துரு பிடித்தால் அழகு மட்டும் போகாது, முதுகெலும்பே போகும். சொமர்செட்டுக்குத் தனிச் செசி இருக்கு, மேல் உடம்பு கொஞ்சம் கெட்டாலும் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் சொமர்செட்டுக்கு ஒரு புள்ளி.

மைனரைப் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், தலையணை உறைத் துணி ஒன்று, பழைய மைனஸ் ஸ்குரூ டிரைவர், டோர்ச், நல்ல ஜாக், ஒரு ஜோடி ஸ்டாண்ட் கொண்டு போங்க. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பாகம், பின் மட்கார்டு, சில்லு வளைவு எல்லாத்திலும் ஓட்டுங்க. தளர்ந்து விழுகிற இடத்தில் தகட்டுக்குப் பதில் பூசி நிரப்பின பட்டி இருக்கு.

அதைவிட முக்கியமானது கீழே. முன் சீட்டுக்கு அடியில் காரின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வரை ஒரு குறுக்குச் சட்டம் ஓடும். முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் (முறுக்கில் வேலை செய்கிற வில்லுக் கம்பி) இரண்டும் பின் முனையில் அந்தச் சட்டத்தில்தான் கட்டியிருக்கும். அதாவது முன்பக்கப் பாரம் முழுக்க அந்தத் தகட்டில் தொங்குது. சட்டத்தின் இரண்டு கரைமுனையையும் ஸ்குரூ டிரைவரால் குத்துங்க. நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும், முனை வழுக்கும். கெட்டது 'பொத்' என்று உள்ளே போகும், உள்ளிருந்து தேயிலைத் தூள் மாதிரிச் செதில் கொட்டும். பாருடைய கட்டுப் போல்டைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குள் அந்தத் தூள் விழுந்தால், அந்தக் காரை இழுத்துக்கொண்டு போகவும் கூடாது, லொறியில்தான் ஏற்ற வேண்டும்.

பிறகு பின் வில்லுத் தகட்டின் முன் கட்டும் பின் கட்டும். டிக்கி விரிப்பைத் தூக்கினால் பின் கட்டு தெரியும். பிறகு கதவுக்குக் கீழே போகிற வாசற்படித் தகடு, அதுதான் சில் (சில்லு இல்லை). அதன் உள்ளே ஒரு பெட்டித் தகடு இருக்கு. வெளித் தகட்டை மட்டும் புதுசாக ஒட்டி, உள்ளே ஒன்றும் இல்லாமல் பெயின்ட் அடிப்பது வழக்கமான ஏமாற்று. சோதிக்க வழி: ஜாக் போடுகிற இடத்தில் ஜாக் வைத்து ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்க. அப்போது முன் கதவைத் திறந்து மூடுங்க. பூட்டு ஏறி இறங்கினால், அல்லது கதவின் மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால், சில் பொய்.

வேலை செய்வதென்றால் தரைக்கும் சட்டத்துக்கும் 1.2 மிமீ தகடு, வெளி உடம்புக்கு 0.9 மிமீ. தரை, சில் இரண்டு பக்கமும் என்றால் எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்றரை போகும். வயர் ஊட்டுகிற மிக் வெல்டிங், 0.6 அல்லது 0.8 மிமீ வயர். தகட்டின் மேல் தகடு ஒட்டுகிற இடத்தில் மேல் தகட்டில் 6 மிமீ ஓட்டை 30 மிமீக்கு ஒன்று போட்டு, வெல்டால் நிரப்புங்க. சில் தகட்டை வெட்ட முன்னர் கதவு வாசலுக்குக் குறுக்கே 25 மிமீ பெட்டி இரும்பு வைத்து இறுக்குங்க, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் வாழ்நாளில் சரியாக மூடாது. குறுக்குச் சட்டத்தில் கை வைப்பதென்றால் டோர்ஷன் பார் இரண்டையும் இறுக்கம் இறக்கிக் கழற்றிய பிறகுதான். அந்தப் பாருக்குள் இருக்கிற முறுக்கு ஆளை அடிக்கும்.

வேலை முடிந்த பிறகு பெட்டித் தகடுகளின் உள் வெற்றிடத்துக்குள் மெழுகு அடிக்காவிட்டால் எழுவான்கரையில் அந்த வேலை நிலைக்காது. சில் தகட்டின் வடிகால் ஓட்டைகளை மெழுகு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்க.

அக்கரை அலை:

ஸ்பேனர் காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடலோரம் இருந்து வருகிற எந்தக் காரிலும் தண்ணீர் ஏறினதா என்று பார்க்க வேணும். 2004 சுனாமி மட்டுமில்லை, 2011 ஜனவரி வெள்ளத்திலும் நம்ம மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ வாகனம் மூழ்கினது. கழுவினால் வெளியே தெரியாது. டேஷ் போர்டுக்குப் பின்னால், ஹீட்டர் பெட்டி இருந்த இடத்தில், பெற்றோல் டாங்கிக்கும் டிக்கித் தரைக்கும் நடுவில் விரலை விடுங்க. மா மாதிரி மெல்லிய மண் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறியிருக்கு. கடல் தண்ணி என்றால் வயர் முனைகளில் பச்சைத் தூள் இருக்கும். பல்ப் ஹோல்டரைத் திருகிப் பாருங்க, கையோடு உடைந்து வரும். அப்படிக் கண்டால் வயரிங் முழுக்க மாற்றுகிற கணக்கைப் போட்டுத்தான் விலை பேச வேணும்.

வெற்றிலைக்கொடி:

மிக்க நன்றி அண்ணன், காக்கா. மைனரின் முன் சில்லு "உடைந்து படுக்கும்" என்று எல்லாரும் பயப்படுத்துகிறார்கள். அது என்ன? பிரேக் பெடலும் அமத்தினால் கீழே போய் அப்படியே நிற்குது.

கல்முனை ஸ்பேனர்:

அது டிரனியன். முன் சில்லைத் திருப்புகிற செங்குத்துக் கம்பியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மரை இருக்கும். அந்த மரைக்கு மேல் ஒரு உறை, அதுதான் டிரனியன். பந்து மூட்டு இல்லை, மரையே மூட்டு. சில்லைத் திருப்பும்போதெல்லாம் உறை மரையில் ஏறி இறங்கும். கிரீஸ் இல்லாவிட்டால் மரை தேயும், கீழ் உறை ஒரு நாள் மரையை விட்டு நழுவும். பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதுதான் நடக்கும், சில்லு மட்கார்டுக்குள் படுத்துவிடும். இடப் பாகமும் வலப் பாகமும் வேறு, மாற்றிப் பூட்ட முடியாது. வாங்கும்போது பக்கம் சொல்லி வாங்குங்க.

சோதனை: சில்லு நிலத்தில் இருந்து எழும்பும் வரை தூக்குங்க. மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. பிறகு டயருக்குக் கீழே ஒரு அலவாங்கைப் போட்டு மேலே நெம்புங்க. கீழ் உறை கம்பியில் மேலும் கீழும் அசைந்தால் மரை தேய்ந்திருக்கு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கம்பிக்குப் பழைய உறை போட்டால் மூன்று மாதம் தாங்காது.

கிரீஸ் அடிக்கும்போதும் சில்லு தூக்கியே இருக்க வேண்டும். பாரம் இருந்தால் மரையின் ஒரு பக்கம் அழுந்திக் கிடக்கும், கிரீஸ் அந்தப் பக்கம் போகாது. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கறுத்த பழைய கிரீஸ் வெளியே வந்து, புது நிறம் தெரியும் வரை அடியுங்க. நம்ம மணல் பாதைக்கு 1,500 கிலோமீற்றருக்கு ஒரு தரம் போதும். நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்க.

பெடல் விஷயம்: பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மைனரில் சாரதியின் காலுக்குக் கீழே, தரையோடு ஓடுகிற பெட்டிச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கு. விரிப்பைத் தூக்கித் தரை மூடியைத் திருகினால்தான் எண்ணெய் ஊற்ற முடியும். அதனால் பலர் ஊற்றுவதே இல்லை, உள்ளே துருப் பிடித்து பிஸ்டன் இறுகிவிடும். கழற்றுவதும் லேசில்லை. போல்ட் வெளியே வர டோர்ஷன் பார் தடுக்கும், பாரை இறக்க வேண்டும். அதனால் குறுக்குச் சட்டம், டிரனியன், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரே தடவையில் செய்யுங்க. ஒரே பாரை மூன்று தடவை கழற்ற வேண்டி வராது.

என்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்று பற்றரி பூட்ட விடாதீங்க. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கியர் எண்ணெயும் டீசலும் கலந்து 10 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்க, பிறகு ஹேண்டிலால் சுற்றுங்க. பற்றரி பூட்டும்போது ஒன்று: இந்தக் காருக்கு பிளஸ்தான் உடம்பில் பூட்டுவது. பழக்க தோஷத்தில் மைனஸைப் பூட்டி டைனமோவைக் கெடுத்த கார் நிறைய.

தேன்நாட்டான்:

சொமர்செட்டில் டட்சன் என்ஜின் என்றீங்க. பெறுமதிக்கு அதுதான் பெரிய அடி. அது எப்படிப் பூட்டினது என்று பாருங்க. என்ஜினைத் தாங்குகிற மவுண்ட் மட்டும் புதுசாக வைத்து, பழைய மவுண்ட் காலையும் கியர் பெட்டியின் தரை மேட்டையும் வெட்டாமல் விட்டிருந்தால் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டு வரலாம், பெறுமதி பெரிதாகக் குறையாது. வெட்டியிருந்தால் அது சொமர்செட் தோற்றத்தில் ஒரு வேறு வண்டி.

படுவான்கரை:

இதில் நான் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஜப்பான் என்ஜின் வந்திருக்காவிட்டால் அந்தக் கார் 80களிலேயே பழைய இரும்புக்குப் போயிருக்கும். என்ஜின் மாற்றினது நம்ம பக்கத்தின் கார் வரலாறு. பழைய கார் சேர்க்கிறவர்கள் அதை ஏன் குறையாகப் பார்க்க வேணும்?

தேன்நாட்டான்:

குறையாகப் பார்க்கச் சொல்லவில்லை தம்பி. ஓட்டுவதற்கு வாங்கினால் டட்சன் என்ஜின் நல்லது, பாகம் எங்கேயும் கிடைக்கும். சேர்த்து வைத்து விற்பதற்கு வாங்கினால், வாங்குகிறவர் செசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் புத்தகத்தோடு பொருத்திப் பார்ப்பார். இரண்டு நோக்கத்தையும் ஒரே காரில் போட்டுக் குழப்பாமல் இருந்தால் சரி. மைனருக்கும் இதே கதைதான். பெரிய என்ஜின் பூட்டினால் பிரேக்கையும் பாருங்க. 948 சிசி மைனருக்கு முன்னும் பின்னும் 7 அங்குல டிரம். 1962இல் 1098 சிசி என்ஜின் வந்தபோது முன் டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். அந்த 1098ஐக்கூட பழைய 7 அங்குல டிரம்மோடு மட்டக்களப்புக் கல்லடிப் பால இறக்கத்தில் ஓட்டுவது ஆபத்து.

தொழிற்சாலையே அரிதாகச் செய்ததும் இருக்கு. பத்து இலட்சமாவது மைனரை முன்னிட்டு 1960 கடைசியில் லைலாக் (இளம் ஊதா) நிறத்தில் 350 கார் செய்தார்கள். நாளைக்கு யாராவது அந்த நிறம் அடித்துக்கொண்டு வந்து காட்டினால், முதலில் செசி நம்பர் 1000000ஐ ஒட்டியதா என்று பாருங்க. நிறம் யாரும் அடிக்கலாம்.

அக்கரை அலை:

மைனரின் செசி நம்பர் தகடு பொனட்டுக்குள், என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரில். 1960 நாலு கதவு என்றால் எம்/ஏஎஸ்3 என்று தொடங்க வேணும். எம்/ஏ2எஸ்3 என்றால் இரண்டு கதவுக் காரின் தகடு. நாலு கதவு உடம்பில் அது இருந்தால் தகட்டை எங்கோ இருந்து கழற்றி ஒட்டியிருக்காங்க. ரிவெட் தலைகளையும் பாருங்க, ஒன்று பழசு ஒன்று புதுசு இருந்தால் கேள்வி கேளுங்க. என்ஜின் நம்பர் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம் என்றால் 1098.

2022இல் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு எடுக்கும்போது செசி நம்பர் கேட்டதால் பலருக்கு அப்போதுதான் புத்தகமும் வண்டியும் பொருந்தவில்லை என்று தெரிய வந்தது. அந்தக் காருக்கு கியூஆர் எடுத்திருந்தாரா என்று விற்கிறவரிடம் கேட்டால் பாதி விடை கிடைக்கும். புத்தகம் இறந்தவர் பெயரில் இருந்தால், வாரிசுகள் எல்லாரும் கையெழுத்து வைத்து முதலில் அவர்கள் பெயருக்கு மாறட்டும். புத்தகமே இல்லை என்றால், விற்கிறவரே பொலிஸ் முறைப்பாடு போட்டு இரண்டாவது பிரதி எடுத்துத் தர வேணும். அதை வாங்கின பிறகு நீங்க செய்யலாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வெற்றிலைக்கொடி:

இரண்டையும் பார்த்தாச்சு. சொமர்செட்: செசி நல்லா இருக்கு, ஆனால் கியர் மேடு வெட்டியிருக்கு, பழைய மவுண்ட் கால் ஒன்றும் இல்லை. புத்தகம் சரி.

மைனர்: தகடு எம்/ஏஎஸ்3, ரிவெட் இரண்டும் பழசு. வலப்பக்கம் குறுக்குச் சட்டம் ஒலிக்குது. இடப்பக்கம் கரையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்குரூ டிரைவர் போகுது, பார் கட்டில் இருந்து ஒரு சாண் தள்ளி. ஜாக் போட்டபோது இடப்பக்கக் கதவு சரியாக மூடினது. டிரனியன் இடப்பக்கம் கொஞ்சம் அசைவு. புத்தகத்தில் என்ஜின் நம்பர் 9எம், வண்டியில் 10எம். வாரிசு மூன்று பேர், மூன்று பேரும் ஊரில்தான்.

கல்முனை ஸ்பேனர்:

மைனரை எடுங்க. ஒரு சாண் தள்ளி என்றால் சட்டத்தின் முனையை மட்டும் வெட்டி ஒட்டலாம், பார் கட்டு தப்பியிருக்கு. 1098 என்ஜின் போட்டபோது முன் டிரம் மாற்றினார்களா என்று அளந்து பாருங்க, 7 அங்குலம் என்றால் 8 அங்குல செட்டையும் கணக்கில் சேர்த்து விலையைக் குறையுங்க. 1098இன் எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகளைக் கடினப்படுத்தவில்லை என்றால் ஈயமில்லாப் பெற்றோலுக்கு வால்வு மெல்ல இருக்கைக்குள் அமிழும். வால்வு இடைவெளி 12 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வைத்துவிட்டு 1,000 கிலோமீற்றருக்குப் பிறகு அளந்து பாருங்க. குறைந்துகொண்டு வந்தால் ஹெட்டைக் கழற்றி இருக்கை போடுகிற நேரம் வந்துட்டு.

அக்கரை அலை:

என்ஜின் நம்பரைப் புத்தகத்தில் ஏற்றுகிற வேலையை விற்கிறவர் பக்கமே முடியட்டும். மூன்று வாரிசின் கையெழுத்தும் அதே நாளில் வாங்குங்க. கடைசித் தவணைப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்க.

கல்முனை ஸ்பேனர்:

இன்னொன்று. லொறியில் ஏற்ற முன்னர் கிரீஸ் கன் கொண்டு போய் முன் நாலு நிப்பிளுக்கும் அடியுங்க. லொறிக்கு இழுத்து ஏற்றும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்ப வேண்டாம். இடப்பக்க டிரனியன் அந்த நேரம் நழுவக்கூடியது.